இறைவார்த்தையைப் பிணையாக்கலாமா?

சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களுள் ஒருவரான இளைஞர் வாயிலருகே வந்து நின்றார். நல்லவர், ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்.

"ஃபாதர், ஒரு யோசனை கேட்க வேண்டும். விவிலியத்தை ஆழமாகப் படிக்க ஒரு செயலி இருக்கிறது. கிரேக்கம், எபிரேயம், விளக்கவுரை எல்லாம் அதில் உண்டு. அதற்காக ஓர் ஐபோன் வாங்கலாமென்று இருக்கிறேன். விலை 70,000 ரூபாய்க்கு மேல். மாதத் தவணையில் கட்டிவிடலாம். இறைவார்த்தைக்குத்தானே ஃபாதர், தப்பில்லையே?"

"இப்போது வைத்திருக்கிற போனில் அந்தச் செயலி வராதா தம்பி?" என்று கேட்டேன்.

"வரும் ஃபாதர். ஆனால் அதில் பார்க்கிற மாதிரி இருக்காது" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருடைய தந்தை கொத்தனார். தங்கை செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். கட்டணத்தில் ஒரு பகுதி இன்னும் பாக்கி. இவையெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "அடுத்த வாரம் பேசுவோம்" என்று அனுப்பிவைத்தேன். இக்கட்டுரை அவருக்கு நான் அளிக்கும் மறுமொழி. அவரைக் கடிந்துகொள்ள இதை எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்ற கேள்வி. அதற்கு "இறைவார்த்தைக்குத்தானே" என்று எளிதாய் விடை சொல்லிவிடுகிறோமே, அந்த விடையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விவிலியச் செயலிகளை நான் பழிக்கவில்லை. குருமடத்தில் படித்த நாட்களில் ஒரு கிரேக்கச் சொல்லின் பயன்பாட்டைத் தேட, தடித்த நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டவன் நான். அதே தேடல் இன்று சில நொடிகளில் முடிகிறது. இத்தகைய கருவிகள் திருச்சபைக்குப் புதியனவும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் பழைய ஏற்பாட்டின் எபிரேய பாடத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே எழுதுவித்து 'ஹெக்சாப்லா'வை உருவாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தொமினிக்கன் துறவிகள், எந்தச் சொல் விவிலியத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவை இலத்தீன் விவிலியத்துக்குத் தொகுத்தார்கள். இன்றைய செயலியின் இணைப்பத்திகளும் தேடுபொறியும் அந்த உழைப்பின் வழித்தோன்றல்களே. ஆகவே கருவியை ஏளனம் செய்யும் குருவானவரோடு எனக்கு உடன்பாடில்லை. கருவி நல்லது. ஆனால் செயலி ஒரு பொருள், கைபேசி வேறொரு பொருள். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்தலாமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஒரு காலத்தில் தொழில்நுட்ப அடிப்படை இருந்தது. 'அக்கார்டன்ஸ்' என்னும் விவிலிய ஆய்வு மென்பொருள் 1994-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்கென வெளிவந்தது. கைபேசிக்கு வந்தபோதும் அது முதலில் ஐபோனுக்கே வந்தது. பல ஆண்டுகள் கழித்தே ஆண்ட்ராய்டை எட்டியது. மூலமொழிகளை ஆராயும் அறிஞர் ஒருவர் அந்நாளில், "இச்செயலிக்காகவே இக்கைபேசியை வாங்குகிறேன்" என்று சொல்லியிருந்தால் அதில் பொருள் இருந்திருக்கும். இன்று 'அக்கார்டன்ஸ்', 'லோகோஸ்', 'ஆலிவ் ட்ரீ' ஆகிய மூன்றுமே இரு வகைக் கைபேசிகளிலும் கிடைக்கின்றன. 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்த அன்றே அங்கு இடம்பெற்ற 'யூவெர்ஷன்' செயலியும் அவ்வாறே, அதுவும் இலவசமாக. ஆக, அந்தக் காரணம் மறைந்துவிட்டது. கேள்வி மட்டும் மறையவில்லை. காரணம் மறைந்த பின்னும் கேள்வி உயிரோடிருக்கிறதென்றால், அதற்கு உயிர் கொடுப்பது வேறொன்று என்றுதானே பொருள்?

அந்த வேறொன்றை நாம் அறிவோம். அழகான பொருளின்மீது மனிதருக்கு எழும் ஆசை அது. ஆசைப்படுவது மனித இயல்பு. ஒருவர் தம் உழைப்பின் பணத்தில், ஒருவருக்கும் குறை வைக்காமல், "நல்ல ஒளிப்படம் எடுக்கலாம் என்பதற்காக இந்தக் கைபேசியை வாங்குகிறேன்" என்று சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவர் உண்மை பேசுகிறார். அதே பொருளை வாங்குகிறவர் இறைவார்த்தையை முன்னிறுத்தும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. கடனுக்குப் பிணையாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுபோல் நம் ஆசைக்குப் பிணையாக ஆண்டவரின் வார்த்தையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். பிணை நிற்பவர் ஆண்டவர் என்றால் கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு வரும்? பெற்றோர் வாய் திறக்கமாட்டார்கள். மனைவி பேசாதிருப்பார். நம் மனச்சான்றும் அடங்கிவிடும்.

இந்தத் தந்திரம் பழையது. ஆண்டவர் இயேசு அதை நேருக்குநேர் சாடினார். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். பெற்றோருக்கு உதவக் கடமைப்பட்ட ஒருவன், அப்பணத்தைக் 'கொர்பான்' என்று, அதாவது கடவுளுக்குரிய காணிக்கை என்று சொல்லிவிட்டால், அவன் அக்கடமையிலிருந்து விடுபட்டுவிடுவதாக அன்றைய மரபு இடமளித்தது. கடவுளின் பெயரைச் சொல்லியே கடவுளின் கட்டளையைச் செல்லாததாக்குகிறீர்கள் என்று ஆண்டவர் கண்டித்தார் (மாற் 7:9-13). தங்கையின் கல்விக் கட்டணம் பாக்கியாக நிற்கையில் "இறைவார்த்தைக்குத்தானே" என்று மாதத் தவணைக்குக் கையொப்பமிடுவது, நம் காலத்துக் கொர்பான் அன்றி வேறென்ன? வார்த்தையைப் படிப்பதற்கென்று வாங்கும் கைபேசி, வார்த்தை இட்ட கட்டளையை மீறுவதற்கு வழியாகிவிடுகிறதே!

எனக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் எண்ணிப் பார்ப்போம்.

"இறைவார்த்தைக்கு மிகச் சிறந்ததைத் தர வேண்டாமா?" என்கிறார்கள் சிலர். இதற்குப் புனித ஜெரோம் மறுமொழி கூறியிருக்கிறார். விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தவர், பாலைநிலத்தில் தவமிருந்தபோதே எபிரேயம் கற்கத் தொடங்கியவர், துறவு பூண்ட பின்னும் தம் நூலகத்தைத் துறக்க இயலாமற்போனதைத் தாமே ஒப்புக்கொண்டவர் அவர். கருவிகளின் அருமை அறியாதவர் அல்லர். அத்தகையவர் 384-ஆம் ஆண்டளவில் எவுஸ்தோக்கியம் என்னும் கன்னிக்கு எழுதிய மடலில், சாயம் தோய்த்த தோலில் பொன்னெழுத்துகளால் எழுதி மணிகள் பதித்த நூல்களைச் செல்வர்கள் வைத்திருக்க, அவர்களுடைய வாசலில் ஆடையின்றிச் சாகக் கிடப்பவர் கிறிஸ்துவே என்று மனம் நொந்து எழுதினார். அன்று சாயத் தோலும் மணிகளும். இன்று பளபளக்கும் கண்ணாடித் திரை. வாசலில் கிடப்பவர் மாறவில்லை.

"திருத்தந்தையே கைபேசியைக் காட்டிப் பேசவில்லையா?" என்கிறார்கள் வேறு சிலர். உண்மை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 மார்ச் 5 அன்று, தவக்காலத்தின் முதல் ஞாயிறு மூவேளைச் செபவுரையில், கைபேசியை நடத்துவதுபோல் விவிலியத்தையும் நடத்தினால் எப்படியிருக்கும் என்று வினவினார். எப்போதும் உடன் கொண்டுசெல்வோம். மறந்தால் திரும்பிப்போய் எடுத்துவருவோம் என்பது அவர் சொன்னதன் சாரம். விவிலியத்தின்மீது கைபேசி அளவுக்கேனும் நாட்டம் கொள்ளுங்கள் என்றார். அதன் பெயரால் இன்னொரு கைபேசி வாங்கச் சொல்லவில்லை.

"மூலமொழியில் ஆழமாகப் படிப்பது நல்லதல்லவா?" என்பது மூன்றாவது. நல்லதுதான், ஆனால் விரலால் தொட்டவுடன் தோன்றும் பொருள் கல்வி ஆகிவிடாது. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் "அன்பு செய்கிறாயா" என்று மும்முறை கேட்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே இரு வேறு கிரேக்க வினைச்சொற்கள் வருகின்றன. செயலியில் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்று தெய்வீக அன்பு, மற்றது வெறும் நட்பு" என்று அடித்துப் பேசுவோர் பலர். ஆனால் தந்தை மகன்மீது கொண்டுள்ள அன்பைக் குறிக்க, யோவானே மூன்றாம் அதிகாரத்தில் முதல் சொல்லையும் (3:35) ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டாம் சொல்லையும் (5:20) ஆளுகிறார். இதை உணர்த்துவது நற்செய்தி முழுவதையும் பொறுமையாய்ப் படிக்கும் பழக்கமே. அப்பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்து எத்தியோப்பிய அமைச்சரை மறக்கலாகாது. அவரிடம் தேர் இருந்தது. சாமானியர் எளிதில் பெற இயலாத ஏட்டுச்சுருளும் இருந்தது. எசாயாவை வாய்விட்டுப் படித்துக்கொண்டும் இருந்தார். இல்லாதிருந்தது ஒன்றே: வழிகாட்ட ஒருவர். பிலிப்பு தேரில் ஏறி அருகில் அமர்ந்த பின்னரே ஏடு அவருக்குத் திறந்தது. நம் அன்பியக் கூட்டங்களில் எட்டுப்பேர் பாயில் அமர்ந்து ஒரு நற்செய்திப் பகுதியைச் சேர்ந்து படிக்கிறோமே, அங்கே அந்தத் தேர் மீண்டும் நிற்கிறது. அக்கூட்டத்துக்கு வராமல், ஆழ்ந்த படிப்புக்கென்று விலையுயர்ந்த கைபேசி தேடுவதில் என்ன பொருள்?

இன்னும் ஒன்று. குறிப்பிட்ட ஒரு கருவியை நம்பி எழுப்புவது மணல்மீது கட்டும் வீடு. 'பாம்' கையடக்கக் கணினியில் விவிலியம் படித்தவர்கள் உண்டு. அந்தக் கருவி இன்று இல்லை. விண்டோஸ் கைபேசிகளுக்கான ஆதரவு 2020-இல் முடிந்தது. பழைய பிளாக்பெர்ரி கைபேசிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4-இல் நின்றது. இவற்றையும் என்றும் நிலைக்கும் வார்த்தைக்காகவே வாங்கியதாகச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது? கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவரே கற்பித்தார் (லூக் 14:28). உட்கார்ந்து, நான்கு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது: அச்செயலி என் கையிலுள்ள கைபேசியில் இயங்குகிறதா? இயங்குமானால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது: அதில் எனக்குத் தேவையான விவிலியம் இருக்கிறதா? கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகியவை உள்ளனவா என்று திறந்து பாருங்கள். பெரிய ஆய்வுச் செயலிகளின் விளக்கவுரைகளுள் மிகப் பல ஆங்கிலத்தில் அமைந்தவை. பலவற்றைத் தனித்தனியே விலை கொடுத்தோ சந்தா கட்டியோ பெற வேண்டும். 1995-இல் வெளிவந்த நம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ எளிய கைபேசியிலும் கிடைக்கிறது. அச்சுநூலாகச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

மூன்றாவது: இருப்பதை நான் பயன்படுத்தினேனா? மாற்கு நற்செய்திக்குப் பதினாறு அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றாக, இருக்கிற கைபேசியிலேயே பதினாறு நாள் படித்து முடியுங்கள்.

நான்காவது: அச்செயலியை நீக்கிவிட்டாலும் அந்தக் கைபேசியை நான் விரும்புவேனா? 'ஆம்' என்று உள்ளம் சொன்னால், செயலி காரணமன்று, சாக்கு.

இந்நான்காம் கேள்வியை நான் பிறருக்காகக் கண்டுபிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் வாழும் உபகாரி ஒருவர் அளித்த பணத்தில் ஒரு பலகைக் கணினி வாங்கினேன். "மறையுரைத் தயாரிப்புக்காக" என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். அதில் கிரிக்கெட் பார்த்த மணிநேரங்களையும் விளக்கவுரை படித்த மணிநேரங்களையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. அந்தப் பணம் எங்கள் பங்கின் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக் கட்டணமாக உதவியிருக்கும். கொர்பான் என்று முதலில் சொன்னவன் நானே. ஆகவேதான் இவ்வளவு கடுமையாய் எழுதுகிறேன்.

இறைவார்த்தை கிறிஸ்தவ மக்களுக்கு எளிதாய்க் கிடைக்கும்படி வழி அகலத் திறந்திருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் கற்பித்தது. ஆழமாய்ப் படிக்க 70,000 ரூபாய்க் கருவி வேண்டும் என்ற எண்ணம் பரவுமானால், அந்த வழியில் நாமே வாயிற்காவலரை நிறுத்துகிறோம். கொத்தனார் வீட்டுப் பிள்ளை உள்ளே வரக் கடன் வாங்க வேண்டுமா?

அந்த இளைஞருக்கு ஒரு வார்த்தை. தம்பி, முடிவு உம்முடையது. வாங்கத்தான் வேண்டுமென்றால், தங்கையின் படிப்பு முடிந்த பின், வீட்டில் எல்லாரும் அறிய, "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லி வாங்கும். அதில் ஆண்டவரின் பெயரைச் சேர்க்க வேண்டாம். அதுவரை, இன்றிரவு உம் பழைய கைபேசியில் மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து படியும். வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டத்துக்கு வாரும்; நானும் வருகிறேன். நீர் படித்ததையும் நான் படித்ததையும் அங்கே சேர்ந்து பேசுவோம்.