மூன்றில் ஒரு பங்கு

போர்க்காலத்திலே துணைசேர்ந்து செல்லும் இரு கப்பல்கள் மோதின் பொறுப்பாளர் யாவர் என வினவுவார்க்கு, ‘போர்’ என்று விடையிறுத்து அமைவார் பலர். அவ்விடை எனக்கு உடன்பாடன்று.

1942 ஒக்டோபர் 2ஆம் நாள் அயர்லாந்துக்கு வடக்கே நிகழ்ந்ததை நோக்குக. ‘குவீன் மேரி’ என்னும் 81,000 தொன் பெருங்கப்பல் ஏறத்தாழ 10,000 அமெரிக்கப் படைவீரரைச் சுமந்து ஸ்கொத்லாந்தை நோக்கி வந்தது. நீர்மூழ்கிகளை ஏய்க்கும்பொருட்டு இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, மணிக்கு 28½ கடல்மைல் வேகத்தில் அது செலுத்தப்பட்டது. காவலாக முன்சென்ற ‘குராசோவா’ 4,000 தொன் அளவினதாகிய பழைய போர்க்கப்பல், வேகமும் குறைந்தது. பட்டப்பகல், ஒன்றையொன்று தெளிவாகக் கண்டன. பின்வந்து முந்துவதே விலகவேண்டும் என்பது காவற்கப்பற் றலைவரின் எண்ணம். காவல் செய்வதே விலகும் என்பது மற்றவர் எண்ணம். பெருங்கப்பல் சிறியதை இரு கூறாக்கிற்று. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். எக்காரணங்கொண்டும் நிற்கலாகாது என்ற கட்டளைக்கமைய, குவீன் மேரி நில்லாது சென்றது.

போர் முடியுமட்டும் மறைக்கப்பட்ட இச்செய்தி பின்னர் வழக்காயிற்று. முதலில் விசாரித்த நீதியரசர் 1947இல் குற்றம் முழுவதையும் குராசோவாவின்மேற் சுமத்தினார். மேன்முறையீட்டு நீதிமன்றமோ மூன்றில் ஒரு பங்கைக் குவீன் மேரிக்கு வைத்தது. 1949இல் பிரபுக்கள் சபையும் அதனையே நிலைநாட்டியது.

அந்த ஒரு பங்கு அற்பமன்று. மாண்ட கடற்படையினரின் குடும்பத்தார் அரசின்மேல் நட்டஈட்டு வழக்குத் தொடுக்க அந்நாட் சட்டம் இடங்கொடுக்கவில்லை. கப்பற் கம்பனியும் குற்றமற்றதெனின், அக்கைம்பெண்கள் எவ்வாயிலைத் தட்டுவர்? ‘பொறுப்பு’ என்னும் நம் சொல் ‘பொறு’ என்னும் அடியிற் பிறந்தது. சுமப்பவன் ஒருவன் இல்லாவிடத்து அச்சொல்லுக்குப் பொருளில்லை.

கட்டளைக்குப் பணிந்தவரைக் குறைகூறலாமோ எனின், நில்லாதே என்ற கட்டளை மோதிய பின்னர்ச் செய்ததற்கே விடையாகும். மோதுமுன் சுக்கானைத் திருப்பாதே என்று கட்டளையிட்டார் எவருமிலர். வளைந்து செல்லும் ஒழுங்கும் பகைவனை ஏய்ப்பதற்கு வகுக்கப்பட்டதேயன்றித் துணைவனை இடிப்பதற்கன்று.

பங்கீட்டின் அளவிலேதான் எனக்கு மனநிறைவில்லை. சிறிய கப்பல் எளிதில் விலகவல்லது. ஆதலின் அதற்கு இரு பங்கு என்பர். ஆயினும் ஆபத்து நெருங்குவதைக் கண்டும் மற்றவன் விலகுவான் என்றிருந்தோர் இருவருமே. என் கணக்கிற் பாதிக்குப் பாதி.