மயிரிழை இடைவெளி

அந்த நாளில் ரயில் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் பூட்டுவார்கள். வெயிலில் இரும்பு நீளுமே, அதற்காக! பழைய மோட்டார்களின் பிரேக்கிலும் அப்படி ஓர் இடைவெளி உண்டு. அது கெட்டால், வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிடும்.

1965-ம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதை ஆசையோடு வைத்திருப்பவர்களில் பலர், காலுக்குச் சிரமம் வேண்டாமென்று இன்று பிரேக் பூஸ்டர் வாங்கிப் பூட்டிக் கொள்கிறார்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தியைக் கொண்டு காலுக்குத் துணை செய்யும் பெட்டி அது. போஷ் கம்பெனி 1927-லேயே இந்த வகைச் சாதனத்தை விற்கத் தொடங்கியது.

பூஸ்டரிலிருந்து ஒரு தண்டு நீண்டு, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் அங்குள்ள சிறு துவாரம் திறந்து, சூட்டில் பெருகும் பிரேக் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். தண்டு சற்றே நீளமானால் துவாரம் மூடியே கிடக்கும். எண்ணெய்க்குப் போக்கிடம் ஏது? சக்கரத்தைப் பிடிக்கும், பிடித்தால் சூடு, சூட்டினால் இன்னும் பிடி! சில மைல் ஓடியதும் பின்னால் லாரி வரும்போது வண்டி தானாக முடங்கினால் என்ன கதி? வேடிக்கை என்னவென்றால், ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது.

தண்டு குட்டையானாலோ, பெடல் வீணாக ஆழம் போன பிறகே பிரேக் பிடிக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டி முடங்கியிருக்கும்போதே, சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளைச் சிறிது தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால், தண்டுதான் நீளம்.

அளக்கவும் வழியுண்டு. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையைத் தண்டின் நுனியில் வைத்து, சிலிண்டரைப் பூட்டிக் கழற்றினால், நசுங்கிய களிமண்ணின் கனமே இடைவெளி. பல வண்டிகளில் அது சுமார் அரை மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. நுனியில் திருகு இருந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். பிறகு களிமண்ணைத் துளியும் மிச்சமின்றித் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: பிரேக்கைத் தொட்ட வண்டியை, தெருவுக்குக் கொண்டு போகுமுன் வாசலிலேயே நான்கு முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு குடும்பத்தை ஏற்றலாம்.