மூன்று நாள் பயிற்சியும் முப்பது ஆண்டுப் பணியும்

சுரண்டைப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, அவர்களை விளையாடவிட்டே எப்படிக் கற்றுத்தருவது என்று முறையாகப் படித்துக்கொள்ள ஆசை வந்தால், எங்கே போவார்? பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. திருநெல்வேலியையும் தாண்டிப் போக வேண்டும். அத்தனை தூரம் போனாலும் அது பள்ளி ஆசிரியர்களுக்கானது. பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது. அங்கன்வாடி இருப்பதோ சமூக நலத் துறையின் கீழ். ஐந்து வயதில் ஒரு பிள்ளை ஒரு துறையின் கையிலிருந்து இன்னொரு துறையின் கைக்கு மாறுகிறது. கற்பிக்கும் கலையைச் சொல்லித்தரும் ஆட்களும் கட்டடங்களும் பெரும்பாலும் அந்த இரண்டாவது துறையிடமே இருக்கின்றன.

அவருக்கு மிஞ்சுபவை, துறை அவ்வப்போது நடத்தும் சில நாள் வகுப்பு, கைபேசியில் வரும் காணொளி, காசு கட்டிப் படிக்கும் தனியார் பட்டயம். இவற்றில் எதுவுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் இல்லாத அறையில் நடக்கும் பயிற்சியால் மட்டும் ஒரு மழலையர் ஆசிரியர் உருவாக மாட்டார். அவருடைய மையத்துக்கே வந்து, ஒரு முற்பகல் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் 'இன்றைக்கு இது நன்றாக இருந்தது, அதை இப்படிச் செய்து பாருங்கள்' என்று பேசுகிற, விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் அடுத்த மாதமும் வர வேண்டும். நம் ஏற்பாட்டில் இல்லாதவர் அந்த ஒருவர்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர என்ன பெரிய பயிற்சி வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு படஅட்டையை எடுத்துக்கொள்வோம். மயில் படம். 'இது என்ன?' என்று டீச்சர் கேட்கிறார். 'மயில்' என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துகின்றன. அடுத்த அட்டை. பத்து நிமிடத்தில் இருபது அட்டைகள் முடிந்துவிடும். பிள்ளைகள் பேசியது இருபது சொற்கள், எல்லாமே முன்பே தெரிந்த சொற்கள். இதே அட்டையை வைத்துக்கொண்டு, 'மயில் எதுக்கு நம்ம வயலுக்கு வருது?' என்று கேட்டுவிட்டு டீச்சர் வாயை மூடிக்கொள்கிறார் என்று வையுங்கள். முதலில் யாரும் பேச மாட்டார்கள். ஐந்து நொடி, ஆறு நொடி போகும். பழக்கமில்லாதவருக்கு அந்த மௌனம் தாங்காது. தானே பதிலைச் சொல்லிவிடுவார். காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பலன் கிடைக்கும். 'நெல்லு திங்க வருது டீச்சர்' என்று ஒரு பிள்ளை சொல்லும். 'எங்க தாத்தா வெரட்டுவாங்க' என்று இன்னொன்று. 'என்ன சொல்லி வெரட்டுவாங்க?' என்று தொடர்ந்தால், அதுவரை வாயே திறக்காத பிள்ளைகூட எழுந்து நின்று கையைத் தட்டிக் காட்டும். காரணம் சொல்வது, நடந்ததை வரிசையாக விவரிப்பது, அடுத்தவர் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தன் முறைக்குப் பேசுவது என்று எல்லாம் அந்த ஒரு மயிலில் அடங்கிவிடும். பின்னாளில் வாசிப்புக்கு அடித்தளம் இதுதான்.

அந்த ஐந்து நொடி மௌனத்தை எந்தக் கையேட்டில் எழுதி வைத்தாலும் படித்தவர் மறந்துவிடுவார். தான் அவசரப்படுவது அவருக்கே தெரியாது. கூட இருந்து பார்த்தவர் சொன்னால்தான் தெரியும்.

சுரண்டை, கீழப்பாவூர், ஆலங்குளம் வட்டாரத்துக்கு இது இன்னும் முக்கியம். இங்கே எத்தனையோ வீடுகளில் அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைய எண்ணிக்கை முடிந்தால்தான் கூலி. மற்ற வீடுகளில் விடிகாலையிலேயே காய் பறிக்கப் போயிருப்பார்கள். பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச அந்தத் தாய்க்குப் பாசம் இருக்கிறது, நேரம் இல்லை. ஒரு பெரியவர் தன் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அனுபவம், அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடியில் கிடைத்தால்தான் உண்டு.

நாட்டின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு அடிப்படை போட்ட அறிக்கைகளில் ஒன்று 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு தந்தது. அவர் பின்னாளில் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். கடைசிவரை மழலையர் கல்விக்காகவே பேசியவர். உணவும் உடல்நலமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும் என்பது அந்தச் சிந்தனை. உணவில் தமிழ்நாடு பெரிய பாய்ச்சல் காட்டியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் கிராமத்துக் குழந்தைகள் மையங்களும் உண்டு. இன்றைக்கு மாநிலத்தில் 54,439 மையங்கள் இருக்கின்றன. சோறும் முட்டையும் சத்துமாவும் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. கல்வி மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டத்தை மாநிலம் தானே உருவாக்கியது. பாடத்திட்டம் மையத்துக்கு வந்த அளவுக்கு, அதைக் கையாளக் கூட நின்று சொல்லித்தரும் ஆள் வரவில்லை.

புதிதாகச் சேர்பவருக்கு 26 வேலைநாள் பணிப் பயிற்சி என்பது திட்டத்தின் பழைய ஏற்பாடு. ஊட்டச்சத்து, தடுப்பூசி, கர்ப்பிணிகள் நலம், பதிவேடு, கணக்கு எல்லாம் அந்த 26 நாளுக்குள் அடங்க வேண்டும். மழலையர் கல்வி அதில் ஒரு பகுதி. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழ் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்று சொன்னது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்கான காரணங்கள் வேறு, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் ஒன்றிய அரசே தான் சொன்னதை என்ன செய்தது? 2023 மே மாதம் 'போஷன் பி, படாய் பி' என்ற பெயரில் ஊட்டச்சத்தையும் கல்வியையும் சேர்த்த திட்டத்தை அறிவித்தது. முதன்மைப் பயிற்றுநர்களுக்கு 2 நாள். அவர்கள் வந்து பணியாளர்களுக்குச் சொல்லித்தர 3 நாள். ஆறு மாதம் என்று பேசப்பட்டது மூன்று நாளாகக் கைக்கு வந்தது. 2024இல் வெளிவந்த 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் 48 வாரங்களுக்கு விளையாட்டு வழியில் திட்டமிடப்பட்டது. 48 வாரப் பாடத்தை 3 நாளில் விளக்கி முடிப்பது எப்படி? இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்பவர் அறுபது வயதுவரை பிள்ளைகளோடு இருக்கப்போகிறார்.

மேலிருந்து கீழே மூன்று படிகள் இறங்கி வரும் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்ந்துவிடும் என்பது பள்ளி ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் படிவம் நிரப்பும் முறைதான். போஷன் டிராக்கர் செயலியில் எடை, உயரம், வருகை பதிவது எப்படி, சத்துமாவு வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்ப்பது எப்படி என்பதற்கெல்லாம் கூட்டம் போடுகிறார்கள். அதுவும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பணியாளருக்கு நேரமே இல்லாதபோது பயிற்சி கொடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து ஆய்வு நடத்தினார்கள். சில மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் மொழித்திறனும் கணக்கும் தெளிவாக உயர்ந்தன. வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பழைய பணியாளருக்கு உடல்நல வேலையைப் பார்க்க நேரம் கிடைத்ததே காரணம். செலவைவிடப் பல மடங்கு பலன் என்பது அவர்கள் கணக்கு. ஆக, கூடுதல் ஒரு கை என்பது பயிற்சிக்கு முன்நிபந்தனை. 2019இல் பள்ளி வளாகங்களில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது அதற்கான வாய்ப்பு வந்தது. உபரி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2022இல் வகுப்புகளை நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் மாதம் 5,000 ரூபாய்க்குச் சிறப்பாசிரியர்களை அமர்த்தினார்கள். இந்த வேலையை அரசு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அந்த 5,000 ரூபாய் சொல்லிவிடுகிறது.

தனியார் பட்டயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் 'மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி' என்ற விளம்பரத்துக்குக் குறைவில்லை. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர்க்காலத்தில் நாடு திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் தங்கி நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி அளித்தவர். கொடைக்கானலில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பாடம் வளர்ந்தது. அந்தப் பெயரைப் பலகையில் போடும் எல்லா இடத்திலும் அது இருக்காது. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. படிப்புக் காலத்தில் உண்மையான பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம்? நான் வகுப்பெடுப்பதை யார் வந்து பார்ப்பார், எத்தனை முறை? சொல்லித்தருபவர் கடைசியாக எப்போது பிள்ளைகளோடு வேலை பார்த்தார்? சான்றிதழ், பட்டமளிப்பு உடை, வேலை உத்தரவாதம் என்று பேசிக்கொண்டு இந்த மூன்றுக்கும் மழுப்பினால் அந்த இடத்தில் சேர வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே படிக்க நினைப்பவருக்கு இக்னோவின் மழலையர் பராமரிப்பு, கல்விப் பட்டயம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு போதும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் செல்லுபடியாகுமா என்ற கவலையும் இல்லை.

இதையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தரும் முன்மாதிரி சுரண்டைக்கு அருகிலேயே இருக்கிறது. சாம்பவர்வடகரை வழியாகப் போனால் ஆய்க்குடி. கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கியது அமர் சேவா சங்கம். பிறகு தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் சங்கர ராமன் அவரோடு சேர்ந்தார். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளை ஆறு வயதுக்குள் கண்டறிந்து உதவுவது அந்த அமைப்பின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஊருக்கு ஊர் பிசியோதெரபிஸ்டையும் பேச்சுப் பயிற்சியாளரையும் வைப்பது நடக்காத காரியம். அதனால் கிராமங்களிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வீடு தேடிப் போய்ப் பிள்ளையோடும் தாயோடும் வேலை செய்வார்கள். நிபுணர் அவர்களுக்குப் பின்னால் இருப்பார். பிள்ளையைப் பார்ப்பார், பணியாளர் செய்வதைப் பார்ப்பார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவார். ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் பதிய அவர்களே ஒரு செயலியும் உருவாக்கினார்கள். அந்தச் செயலி பணியாளருக்கு உதவுகிறது. மேலதிகாரிக்குக் கணக்குக் கொடுப்பதற்காக மட்டும் இருப்பதில்லை. சாதாரணக் கல்வித் தகுதி உள்ள கிராமத்துப் பெண், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு உதவும் நுட்பத்தை இந்த முறையில் கற்றுக்கொள்ள முடிகிறது. மயில் படத்தை வைத்துப் பேசக் கற்றுக்கொள்வது அதைவிடக் கடினமில்லை.

அரசாலும் இது முடியும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்த எம்.பி. விஜயகுமார், முதலில் ஆசிரியர்களை ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிக்கு அனுப்பி, நடக்கும் வகுப்பைக் கண்ணால் பார்க்க வைத்தார். பார்த்து வந்தவர்கள் தங்கள் பள்ளியில் செய்து காட்டினார்கள். அதைப் பார்க்க மற்றவர்கள் வந்தார்கள். சில பள்ளிகளில் தொடங்கியது 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியது. பின்னாளில் அந்த முறைக்கு வந்த விமர்சனங்கள் இருக்கட்டும். ஆசிரியர்களைத் தயார்ப்படுத்திய வழி சரியானது. அங்கன்வாடிக்கு அதை ஏன் செய்யக்கூடாது?

சுரண்டையில் நல்ல இடவசதியுள்ள ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பணியாளர்களோடு பார்வை மையமாக்கலாம். சுற்றுப்பட்டு மையங்களின் பணியாளர்கள் மாதம் ஒரு நாள் அங்கே வந்து, பிள்ளைகள் இருக்கும் நேரத்திலேயே பார்த்துக் கற்றுப் போகலாம். அன்றைக்கு அவர்கள் மையத்தை உதவியாளர் பார்த்துக்கொள்வார். ஊரிலுள்ள காமராஜர் அரசு கலைக் கல்லூரி அந்த மையத்தைச் செய்முறைக் களமாக வைத்துத் தமிழில் ஒரு சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கலாம். முடிப்பவருக்குச் சம்பளத்தில் ஒரு படி உயர்வு தர வேண்டும். முதல் ஆண்டு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் வாங்குபவரிடம் சொந்தக் காசிலும் சொந்த நேரத்திலும் படித்து வா என்று கேட்பது நியாயமில்லை.

மாதம் தவறாமல் மையத்துக்கு வரும் அந்த ஒருவரை எங்கே தேடுவது என்றால், அந்தப் பதவி ஏற்கெனவே இருக்கிறது. சுமார் 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது திட்டத்தின் விதி. மாநிலம் முழுவதற்கும் ஏறத்தாழ 2,200 பேர். இன்றைக்கு அவர்கள் மையத்துக்கு வருவது இருப்பைச் சரிபார்க்கவும் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் என்றாகிவிட்டது. அவர்களுக்கு முதலில் ஆறு மாத மழலையர் கல்விப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் இரண்டு நாளாவது எந்தப் பதிவேட்டையும் தொடாமல் பிள்ளைகளோடும் டீச்சரோடும் உட்கார உத்தரவிடலாம். 2025இல் அரசு நிரப்ப அறிவித்த 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களில் 3,886 பணியாளர் பணியிடங்கள். அப்படிச் சேரும் ஒவ்வொருவரின் மையத்துக்கும் முதல் ஆண்டிலேயே மேற்பார்வையாளர் இதற்கென்று பன்னிரண்டு முறை போய்விட வேண்டும்.