ஒற்றைப் பிரதி போதாது

முகாமில் பிறந்த பிள்ளைகளில் பலர் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் ஊர் எது என்று கேட்டால் மயிலிட்டி, பலாலி, தையிட்டி என்று தயங்காமல் சொல்கிறார்கள். அங்கே உங்கள் காணியின் பெயர் என்ன, கிழக்கு எல்லையில் யார் இருந்தார்கள், அது ஆச்சி வழி வந்ததா அப்பு வழி வந்ததா என்று கேட்டால் பெரியவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெரியவர்களும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். இது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் பல ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். இந்தத் துயரத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அது கற்றுத் தந்த பாடத்தைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் எம் கையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது அச்சேறிப் பல இடங்களுக்குப் போய்விட்டதே காரணம். முதலியார் இராசநாயகம், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ஆகியோரின் வரலாற்று நூல்களும் அப்படியே தப்பின. பலர் கையில் இருந்தது பிழைத்தது. ஒரே பிரதியாக இருந்தது போயிற்று.

எமது வீடுகளிலும் இதுவே நடந்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியபோதும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், எத்தனை குடும்பங்களின் உறுதிகள் றங்குப் பெட்டியோடு போயின! பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது வேலியும் இல்லை, கிணறும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை. 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு கேட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அது நிறுத்தப்பட்டது. ஆயினும் "உன் காணி என்பதற்கு என்ன சாட்சி?" என்ற கேள்வி இன்னொரு நாள் வேறு வடிவில் வரலாம்.

சாட்சி எல்லாம் அழிந்துவிடவில்லை. உறுதி முடித்த நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். ஒவ்வோர் உறுதியிலும் நான்கு எல்லைக்காரரின் பெயர்கள் உண்டு. ஆகவே எமது உறுதி தொலைந்தாலும், பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எமது பேரனின் பெயர் எல்லையாக நிற்கும். பங்குக் கோவில்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில் பெற்றோரின் பெயரோடு ஞானப் பெற்றோரின் பெயரும் இருக்கும். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. அந்தியேட்டி நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள் பலவற்றில் வம்ச வரலாறே அச்சாகியிருக்கிறது. நாம் அவற்றை அலுமாரிக்கு மேலே போட்டுக் கறையானுக்குக் கொடுக்கிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் கணினியில் சேர்த்து, எங்கிருந்தும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம் சொன்னால் ஒரு மாலையில் தேடித் தருவான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வம்சம் எழுதுவது சாதிப் பெருமை பேச அல்ல. அரசரையும் முதலியாரையும் எழுதிய நூல்களில், வாரத்துக்கு உழுதவனும் கூலிக்கு வெங்காயம் நட்டவளும் இல்லை. காணி இல்லாதவர் உறுதியிலும் இல்லை. முகாம்களில் மிக நீண்ட காலம் இருந்தவர்களில் அவர்கள் பலர். அவர்கள் எந்த ஊரில், யாருடைய தோட்டத்தில், எத்தனை தலைமுறை பாடுபட்டார்கள் என்பதை அவர்களே சொல்லி எழுதினால்தான் அந்த ஊரின் வரலாறு முழுமையாகும். நாளை மீள்குடியேற்றத்தில் தமக்கும் நிலம் வேண்டும் என்று கேட்க அதுவும் ஒரு பிடி.

பெண் வழியையும் விடக் கூடாது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுக்கிறது. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போவது. தகப்பன் பேர்களை மட்டும் அடுக்கினால் பாதிக் காணியின் கதை விளங்காது.

ஆகவே ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் நான்கு தலைமுறை. காணிகளின் பெயர், பரப்பு, எல்லைக்காரர். ஒழுங்கை, கோவில், குளம், பொதுக்கிணறு. என்ன பயிர், யார் உழைத்தார்கள். வயதானவர் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். எழுதியதை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறிடத்தில் உள்ள உறவினரிடம், ஒன்று நூலகத்தில். உறுதிகளை நூலகத்தில் கொடுக்க வேண்டியதில்லை. அவற்றின் பிரதிகள் உறவினரிடம் இருந்தால் போதும்.

நூலகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொது நூலகமும் பிரதேச சபை நூலகங்களும் அச்சிட்ட புத்தகத்தை மட்டும் எதிர்பார்க்காமல், ஊர் ஊராக ஒரு தட்டு ஒதுக்கி, இந்தக் கொப்பிகளையும் கல்வெட்டுகளையும் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. லோங் அடிகள் போன்றோர் ஊரோடு சேர்ந்து உழைத்து அதைப் பெரிதாக்கினார்கள். கட்டடத்தைத் திருத்த அரசுப் பணம் வரும். எமது ஆச்சிமாருக்குத் தெரிந்ததை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.