ஓட்டு வீட்டுக்கு ஒரு ஒட்டு!

ஆர்க்கிடெக்சரோ சிவிலோ படிக்கிறீங்கன்னு தெரிஞ்சா போதும், ஊரிலிருந்து பெரியப்பா போன் போட்டுடுவார். "ஏ மக்கா, பாட்டிக்கு பாத்ரூமோட ஒரு ரூம் எடுக்கணும். கம்ப்யூட்டர்ல ஒரு பிளான் போட்டுக் குடு." ஃபீஸ் கிடையாது, மீன் குழம்பு உண்டு! கான்கிரீட் வீடுன்னா ஜமாய்ச்சிடலாம். நாகர்கோவில், தக்கலைப் பக்கம் மங்களூர் ஓடு போட்ட வீடுன்னாதான் சிக்கல். ரெண்டு பருவமழையும் வாங்குற ஊர். கூரைகள் சேர்ற இடத்துல கோட்டை விட்டா, பாட்டி கட்டில் மேலதான் சொட்டும்.

அதனால மவுஸைத் தொடறதுக்கு முன்னாடி டேப்பைத் தொடுங்க. பழைய கூரைக்குள்ள ஏறி, கைமரத்துல ரசமட்டத்தை வச்சு, 12 அங்குலம் போனா எத்தனை அங்குலம் ஏறுதுன்னு அளங்க. 'பழைய பிளான்ல இருக்கே'ன்னு சோம்பல் படாதீங்க. பிளான்ல ஒண்ணு இருக்கும், கட்டினவர் வேற ஒண்ணு கட்டியிருப்பார்.

ஒரு கணக்கு. பழைய வீடு 24 அடி அகலம், 12-க்கு 6 ஏற்றம். அப்போ சுவர் தலையிலிருந்து முகடு 6 அடி உயரம். அதே உயரச் சுவர், அதே சாய்வோட 12 அடி அகலத்துக்குப் புது ரூமை செங்குத்தா சேர்க்கிறீங்க. புது முகடு 3 அடிதான். பழைய கூரை 3 அடி உயரத்தைத் தொடறது, சுவரிலிருந்து 6 அடி உள்ளே. புது முகடு அங்கே போய் முட்டும். ரெண்டு கூரையும் சேர்ற பள்ளம் பிளான்ல பளிச்னு 45 டிகிரியில் ஓடும். (கட்டடக்காரங்க பாஷையில் அதுக்கு 'வேலி'ன்னு பேர். பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை போடுற வேலி இல்லைங்க!)

மரம் மிச்சம்னு புது சாய்வை 12-க்கு 4 ஆக்கினா? முகடு 2 அடியாகி, 4 அடியிலேயே முட்டிடும். 45 டிகிரி காலி. 2 அடி இறவாணம் விட்டா பழைய கூரை ஓரம் 1 அடி இறங்கும், புதுசு 8 அங்குலம்தான் இறங்கும். மூலையில 4 அங்குலம் ஏறுக்கு மாறா நிக்கும். ஓடு வேற படுத்துக்கிட்டா தண்ணி மெதுவா ஓடி உள்ளே எட்டிப் பார்க்கும். வேண்டாமே!

இனி சாஃப்ட்வேர். ரெவிட்ல, வீட்டைப் பார்த்த பக்கத்துக்கு 'டிஃபைன்ஸ் ஸ்லோப்' டிக்கை எடுத்துடுங்க. இல்லேன்னா அந்தப் பக்கமும் கூரை சரிஞ்சுடும். அப்புறம் 'ஜாயின் ரூஃப்'. முதல்ல புதுக் கூரையின் ஓரம், அடுத்து பழைய கூரையின் பரப்பு. சேர மாட்டேன்னு அடம் பிடிச்சா முகடுகளைப் பாருங்க. புதுசு பழசைவிட உசந்திருந்தா முட்ட இடமே இருக்காது.

ஸ்கெட்சப் ரசிகர்களா? (2000-ல் வந்து, 2006-ல் கூகுள் கைக்குப் போய், 2012-லிருந்து ட்ரிம்பிள் வீட்டுப் பிள்ளை.) பழசு ஒரு குரூப், புதுசு ஒரு குரூப். புதுக் கூரையைப் பழைய கூரைக்குள்ள தாராளமா நுழைச்சு விடுங்க. புது குரூப்பைத் திறந்து, 'இன்டர்செக்ட் ஃபேசஸ் - வித் மாடல்'. வெட்டுக்கோடு விழும். உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கிறதை அழிச்சுடுங்க. அவ்வளவுதான்.

திரையில அவ்வளவுதான்! ஆனா ரெண்டு கூரைத் தண்ணியும் கூடி ஓடறது அந்த ஒரே பள்ளத்துல. அங்கே ஓட்டுக்கு அடியில, ரெண்டு பக்கமும் ஏறி நிக்கிற மாதிரி தகரம் வளைச்சுப் போடணும். சாஃப்ட்வேர் அதைத் தானா வரையாது. அந்த இடத்தை மட்டும் பெரிசா ஒரு செக்‌ஷன் வரைஞ்சு ஆசாரி கையில கொடுங்க. "பழைய கைமரத்தை வெட்டவா?"ன்னு கேட்பார். திடமா இருந்தா வேண்டாம். அதுமேல பலகை அடிச்சு, புதுக் கைமரங்களை உட்கார வைக்கலாம். வெட்டியே தீரணும்னா பள்ளத்தோட கோட்டுலயே கனமா ஒரு மரம் வேணும். சைஸை உங்க ஸ்ட்ரக்சர் புரொஃபசர்கிட்ட காட்டிட்டு எழுதுங்க. புது ரூமுக்குக் கதவு வைக்கப் பழைய சுவரை உடைக்கிற இடத்துக்கும் அதே புரொஃபசர்தான். அந்தச் சுவர் மேலதானே பழைய கூரை உட்கார்ந்திருக்கு!