கழுத்தில் தொங்கும் குவாண்டம்

கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணம் இல்லை, 'ஆரோக்கியக் கருத்தரங்கு'. மாமா கூப்பிட்டார், போனேன். மேடையில் கோட்டு போட்டவர் ஒரு கறுப்பு டாலரைத் தூக்கிக் காட்டினார். "இது குவாண்டம் டாலர். நெகடிவ் அயனி வந்துக்கிட்டே இருக்கும். சுகர் ஓடிடும்!" விலை ஆறாயிரம். ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். மாமா வாங்கி மாட்டிக்கொண்டு, "மாத்திரையைக் குறைச்சுக்கலாம்னு சொல்றாங்கப்பா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது பி.காம். அதனால் முதலில் கமிஷன் கணக்கு. ஒருத்தர் ஆறு பேர், அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேர் என்று போனால் பத்தாவது படியில் மொத்தம் 7.25 கோடி பேர். 2011 சென்சஸில் தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடிதான். பதினோராவது படிக்கு ஆள் எங்கே, சார்?

அடுத்தது நெகடிவ் அயனி. ஒரு எலெக்ட்ரான் கூடுதலாக ஒட்டிக்கொண்ட அணு. அவ்வளவுதான். உப்பளத்துக்குப் பேர் போன கேளம்பாக்கத்தில் இதைப் போய் ஆறாயிரத்துக்கு விற்கிறார்கள்! உப்பில் சரிபாதி குளோரின் நெகடிவ் அயனிதானே?

நிஜ குவாண்டம் வேறு. ஹைட்ரஜன் அணுவில் ஒட்டிய கூடுதல் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்திருப்பது வெறும் 0.75 எலெக்ட்ரான் வோல்ட். வெளிச்சம் பட்டாலே கழன்று ஓடிவிடும். சூரியனின் மேற்பரப்பில் ஒளியை விழுங்குவது இந்த அயனிதான் என்று 1939-ல் சொன்னவர் ரூபர்ட் வில்ட். எவ்வளவு விழுங்கும் என்று 1940-களில் கணக்குப் போட்டவர் நம்ம பிரசிடென்சி கல்லூரி மாணவர் சந்திரசேகர். 1983-ல் நோபல் வாங்கியவர். பிற்பாடு மின்புலத்துக்குள் இதே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். எலெக்ட்ரானை முழுக்க அலையாக வைத்து ஒரு கணக்கு. பந்து மாதிரி பாதை போட்டு, அதன் மேல் அலையை ஏற்றி இன்னொரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நம்ம டபுள் என்ட்ரி மாதிரி, டேலி ஆகணும். டாலர்காரரிடம் ஒரு கணக்காவது உண்டா?

பாட்டரி இல்லாத கல் ஓயாமல் அயனி கக்க ஒரு வழி உண்டு: கதிரியக்கம். சும்மா சொல்லவில்லை. நெகடிவ் அயனி என்று விற்கப்பட்ட பத்துப் பொருட்களில், டாலர் உட்பட, கதிர்வீச்சு இருக்கிறது, அணியாதீர்கள் என்று 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அயனி வராவிட்டால் அது மோசடி. வந்தால் அது ஆபத்து. இதில் எதற்கு ஆறாயிரம்?

சர்க்கரை நோயைத் தாயத்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆள் சேர்க்கும் பிரமிடு வியாபாரத்துக்கு 2021 நேரடி விற்பனை விதிகளில் தடை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கோட்டு மேடையில் இருக்கிறது.

மாமா, டாலரைக் கழற்றுங்க. மாத்திரையை டாக்டர் சொன்னபடி போடுங்க. காலையில் கோவளம் பக்கம் நடங்க. உங்கள் மேல் விழுகிற வெயிலில் பெரும்பங்கு, ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் வந்து ஒட்டும்போது பிறந்த ஒளிதான். நெகடிவ் அயனியின் அசல் சரக்கு. ஆறு பேரைச் சேர்க்க வேண்டியதில்லை.