சிக்கனமும் சிற்றூர் வானொலியும்

வரவறிந்து செலவு செய்தல் இல்லறத்தார்க்கேயன்றி அரசியலார்க்கும் இன்றியமையாத கடமையாகும். கடன் பெருகிய வீட்டில் அமைதி இராது. கடன் பெருகிய நாட்டிலும் அஃது இராது. ஆதலின், வீண் செலவைக் குறைத்தல் வேண்டும் என்று ஒரு சட்டசபை அங்கத்தினர் எழுந்து கூறுவாராயின், அவரை மக்கட் பகைவர் என்று உடனே பழித்தல் தகாது. ஆயினும், செலவைக் குறைக்கப் புகுவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. குறைக்கப்படும் தொகை அதனை இழப்பவர் வாழ்வில் எத்துணைப் பங்கு என்பதே அது. இவ்வினாவை எழுப்பாது செய்யும் குறைப்பைச் சிக்கனம் என்னும் நற்பெயரால் அழைத்தல் பொருந்தாது என்பதே ஈண்டு நாம் நிறுவப் புகும் கருத்தாகும்.

இதனை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2025-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றையும், அதில் தெற்கு டகோட்டா மாநிலத்துச் செனட்டர் மைக் ரவுண்ட்ஸ் நடந்துகொண்ட முறையையும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அந்நாட்டுக் காங்கிரஸ், தான் முன்னரே ஒதுக்கியிருந்த பணத்தில் ஏறக்குறைய 900 கோடி டாலரைத் திரும்பப் பெறும் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. அதில் பெரும்பகுதி அயல்நாட்டு உதவிக்கு உரியது. எஞ்சிய 110 கோடி டாலர், பொது ஒலிபரப்புக் கழகம் என்னும் நிறுவனத்திற்கு இரண்டாண்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த முழுத்தொகை. அயல்நாட்டு உதவியை ஆராயப் புகின் கட்டுரை விரியுமாதலின், ஒலிபரப்புப் பணத்தை மட்டும் நோக்குவோம்.

அக்கழகம் 1967-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் தோன்றியது. அது தானே ஒலிபரப்புச் செய்வதன்று. சமஷ்டி அரசாங்கத்தின் பணத்தைப் பெற்று, நாடெங்கும் உள்ள 1,500-க்கு மேற்பட்ட உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் தொழில். பெற்ற பணத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ளூர் நிலையங்களையே சென்றடைந்தது. அன்றன்று ஆள்வோர் தம்மைக் குறைகூறிய நிலையங்களைப் பட்டினியிட்டுத் தண்டியாதிருத்தற்பொருட்டு, அப்பணம் இரண்டாண்டுகள் முன்னதாகவே ஒதுக்கப்பட்டு வந்தது. இதன் பொருட்டு அந்நாட்டுக் குடிமகன் ஒருவன்மேல் விழுந்த சுமை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை டாலரே.

இப்பணத்தை நிறுத்தியோர் கூறிய காரணங்கள் மூன்று. நாட்டின் கடன் 2025-இல் 36 இலட்சம் கோடி டாலரைக் கடந்திருந்தமையின், எச்செலவும் விலக்கின்றி ஆராயப்படல் வேண்டும் என்பது ஒன்று. நாடளாவிய நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் என்.பி.ஆர்., பி.பி.எஸ். என்னும் நிறுவனங்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. அவற்றோடு மாறுபடும் குடிமகன் தன் வரிப்பணத்தால் அவற்றைத் தாங்க வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. இணையமும் கைப்பேசியும் பரவிய இக்காலத்தில் அரசாங்கப் பணத்தால் வானொலி நடைபெற வேண்டுவதில்லை என்பது பிறிதொன்று. இவை எள்ளி ஒதுக்கத்தக்கன அல்ல, ஒவ்வொன்றாக ஆராயத்தக்கன.

முதற் காரணத்தைக் கணக்கே சோதிக்கட்டும். கழகத்திற்கு ஆண்டொன்றுக்கு ஒதுக்கப்பட்டது 53½ கோடி டாலர். 2024-ஆம் நிதியாண்டில் சமஷ்டி அரசாங்கம் செலவிட்டதோ ஏறக்குறைய 6¾ இலட்சம் கோடி டாலர். முன்னையது பின்னையதில் பதினாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. சிறுதுளி பெருவெள்ளம் ஆகும் என்பர், உண்மையே. ஆனால், அதே ஜூலைத் திங்களில் அதே காங்கிரஸ் நிறைவேற்றிய பெரிய வரிச் சட்டம் பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 இலட்சம் கோடி டாலர் மிகுவிக்கும் என்று காங்கிரசின் சொந்தக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டது. ரவுண்ட்ஸ் அதற்கும் ஆதரவாக வாக்களித்தவர். மடையைத் திறந்துவிட்டுத் துளியைச் சேமிப்போர் கடனச்சத்தைக் காரணமாகக் காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, இரண்டாவது காரணம். நாடளாவிய செய்தி நிறுவனங்கள் ஒருதலைச் சார்புடையன என்றே வைத்துக்கொள்வோம். சமஷ்டி அரசாங்கத்திடமிருந்து நேரே என்.பி.ஆர். பெற்ற பணம் அதன் வருவாயில் நூற்றுக்கு ஒன்றளவே. பெருநகர நிலையங்களுக்கோ செல்வர் நன்கொடையும், கேட்போர் சந்தாவும், வணிகர் உதவியும் உண்டு. அவை இளைக்கலாம், இறந்துபடா. செல்வரும் வணிகரும் இல்லாத சிற்றூர் நிலையங்களே அரசாங்கப் பணத்தை உணவாகக் கொண்டு வாழ்ந்தன. வாஷிங்டன் நகரத்துச் செய்தியாளர்மேற் கொண்ட சினத்தால் எறியப்பட்ட கல், பனிவெளியிலும் கடற்கரையிலும் உள்ள சிற்றூர்களின் தலைமேல் விழுந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று நம் முன்னோர் கூறிய பழமொழி இதற்கே பொருந்தும். அன்றியும், இங்கே கொளுத்தப்பட்டது எலி புகுந்த வீடும் அன்று; அயலார் குடிசை.

இதனை ரவுண்ட்ஸ் அறியாதவர் அல்லர். அவர் 2003 முதல் 2011 வரை தெற்கு டகோட்டாவின் கவர்னராக இருந்தவர். 2015 முதல் செனட்டர். அம்மாநிலத்தில் பழங்குடி நாட்டினங்கள் ஒன்பது வாழ்கின்றன. பைன் ரிட்ஜ் என்னும் லக்கோட்டா மக்கள் நிலத்தில், போர்க்குபைன் என்ற சிற்றூரிலிருந்து 1983 முதல் 'கீலி' என்னும் வானொலி ஒலித்து வருகின்றது. பள்ளி விடுமுறையும், இறப்புச் செய்தியும், விளையாட்டு முடிவும், சடங்கு அழைப்பும், புயல் எச்சரிக்கையும் அதன்வழியே மக்களை அடைகின்றன. லக்கோட்டா மொழியும் அதில் ஒலிக்கின்றது. 2022 டிசம்பரில் அந்நிலத்தைப் பெரும் பனிப்புயல் தாக்கியபோது, சாலைகள் அடைபட்டு, விறகும் எரிவாயுவும் தீர்ந்து, உடைகளை எரித்துக் குளிர்காய்ந்த குடும்பங்களும் இருந்தன என்று அந்நாளில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய இரவில், வீட்டிலிருப்போர்க்குச் சிறிய வானொலிப் பெட்டி எத்துணைத் துணையாகும் என்பதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின், மசோதா வந்தபொழுது பழங்குடி வானொலிகளைப் பற்றிய தம் கவலையை ரவுண்ட்ஸ் வெளிப்படையாகவே தெரிவித்தார். அதுவரை அவர் செயல் போற்றத்தக்கது. பின்னர், அரசாங்கத்தாரோடு பேசி, உள்நாட்டு இலாகாவிடம் உள்ள வேறு பணத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மாநிலங்களிலுள்ள பழங்குடி நிலையங்களுக்கு உதவி கிடைக்கும் என்ற ஏற்பாட்டைப் பெற்றார். பெற்றபின் மசோதாவை ஆதரித்தார். ஜூலை 17-ஆம் நாள் செனட் சபையில் அது 51 வாக்குக்கு 48 வாக்காக நிறைவேறிற்று. அடுத்து, பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 213. ஜூலை 24-இல் ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்டார்.

தம் மக்களுக்கு வேண்டியதைப் பெற்றுத் தந்த பின்னரே வாக்களித்தார். இதில் குற்றம் யாது என்று சிலர் வினவலாம். குற்றம் மூன்று என்போம். முதலாவது, அவ்வேற்பாடு சட்டத்தின் வாசகத்தில் இல்லை. பணத்தைப் பறித்தது சட்டம். அதனை ஈடுசெய்வதாகக் கூறியதோ வெறும் வாக்குறுதி. பழங்குடி ஒலிபரப்பாளரின் அமைப்பாகிய நேட்டிவ் பப்ளிக் மீடியா என்பதே அவ்வேற்பாட்டிற்குப் பின்பும் மசோதாவைத் தள்ளுமாறு வேண்டிக்கொண்டது. இரண்டாவது, கழகம் பணம் மட்டும் தந்ததன்று. இசைத்தட்டுகளின் உரிமைக் கட்டணத்தை எல்லா நிலையங்களுக்குமாகப் பேசி முடித்ததும், செயற்கைக்கோள் இணைப்பைப் பேணியதும் அதுவே. கழகம் வீழ்ந்தபின் தனித்து நிற்கும் சிறு நிலையத்திற்கு ஓராண்டுப் பணம் வந்தாலும், இவை யாண்டிருந்து வரும்? மூன்றாவதே பெரிது. பழங்குடி நிலையங்களுக்கு உதவி நின்றால் உயிருக்கு இடர் வரும் என்பது உண்மையாயின், அதே பனியில், அதே தொலைவில் வாழும் ஏனைய சிற்றூரார்க்கும் அது வருமன்றோ? தாம் வேண்டிய விலக்கினாலேயே அச்சட்டத்தின் குறைபாட்டை அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னும் அதற்குக் கை தூக்கினார். அவர் மாநிலத்துப் பொது ஒலிபரப்பு நிலையமே பின்னர்ப் பணியாளர் பலரை விலக்க நேர்ந்தது.

மூன்றாவது காரணத்திற்கு விடை கூறியது மனிதரல்லர், நிலமகளே. செனட் சபையில் இம்மசோதா விவாதத்திலிருந்த ஜூலை 16-ஆம் நாளன்றே, அலாஸ்கா மாநிலத்துச் சாண்ட் பாயிண்ட் என்னும் தீவூருக்குத் தெற்கே 7.3 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. சுனாமி எச்சரிக்கை பிறந்தது. ஆயிரம் பேரும் இல்லாத அம்மீனவர் ஊரிலும், கரையோரத்துப் பிற ஊர்களிலும், மேட்டுநிலம் ஏறுக என்று மக்களுக்கு உரைத்தவற்றுள் உள்ளூர்ப் பொது வானொலிகளும் இருந்தன. நல்லூழாகப் பேரலை எழவில்லை. அலாஸ்காவின் செனட்டர் லிசா மர்க்கௌஸ்கி அம்மையார் இதனைச் சுட்டிக்காட்டி, தம் கட்சியின் பெரும்பான்மைக்கு எதிராக வாக்களித்தார். அவரோடு நின்ற மற்றொரு குடியரசுக் கட்சியினர் மேய்ன் மாநிலத்துச் சூசன் காலின்ஸ் அம்மையார். அலாஸ்காவின் மற்றைச் செனட்டர் டான் சல்லிவன் மசோதாவை ஆதரித்தார். ஒரே கடற்கரை; ஒரே நிலநடுக்கம்; இருவேறு வாக்குகள்.

மூன்று திங்கள் கழிந்தன. அக்டோபரில் ஹாலோங் என்னும் சூறாவளியின் எச்சம் மேற்கு அலாஸ்காவைத் தாக்கிற்று. கிப்னுக், குவிகிலிங்கொக் என்னும் ஊர்களில் வீடுகள் அடித்தளத்தினின்று பெயர்ந்து மிதந்து சென்றன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஊர் துறந்து வேற்றிடம் சேர்ந்தனர். அப்பகுதிக்கு ஆங்கிலத்திலும் யூப்பிக் மொழியிலும் செய்தி வழங்கியது, பெத்தல் என்ற ஊரில் 1971 முதல் நடைபெறும் கே.ஒய்.யு.கே. நிலையம். தன் வருவாயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை இச்சட்டத்தால் இழந்திருந்த நிலையம் அது. கருவூலத்திற்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கும் ஆகாத தொகை, பெத்தலுக்கு நூற்றில் எழுபது. நாம் தொடக்கத்திற் கூறிய வினாவின் முழுப்பொருளும் இவ்விரண்டு எண்களில் அடங்கும்.

மொழியைக் கற்கும் நமக்கு இதில் மற்றோர் இழப்பும் புலனாகின்றது. யூப்பிக் மொழியில் அன்றாடச் செய்தியும், லக்கோட்டா மொழியில் வானொலிப் பேச்சும் இலாபம் தரும் பண்டங்கள் அல்ல. வணிகன் அவற்றை விலைக்கு வாங்கான். முதியோர் வீட்டில் பேசும் மொழி பொதுவெளியிலும் ஒலிக்கக் கேட்கும் சிறுவனே அம்மொழியைத் தனதென்று மதிப்பான். ஒலி நின்றுபோன மொழியை மீண்டும் எழுப்புதற்கு ஆகும் செலவை எக்கணக்கு அலுவலகமும் மதிப்பிட்டிலது.

சட்டசபை அங்கத்தினர் தம் தொகுதியை மட்டுமா நோக்க வேண்டும், நாடு முழுவதையும் அன்றோ என்று கேட்பர். 1774-இல் எட்மண்ட் பர்க் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம், பாராளுமன்றம் தனித்தனி நலங்களின் தூதுவர் கூடும் இடமன்று. ஒரு நாட்டின் பொதுநலத்தை ஆராயும் சபை என்னும் கருத்தை வலியுறுத்தினார். அக்கொள்கையை நாமும் ஏற்கின்றோம். ஆனால், ரவுண்ட்ஸ் நடந்த முறை அவ்வளவுகோலுக்கும் பொருந்தவில்லை. பொதுநலமே பெரிதெனக் கொண்டவர் சிலர்க்கு மட்டும் விலக்குப் பேசியிரார். தம் மக்கள் நலமே பெரிதெனக் கொண்டவர் எழுதாத வாக்குறுதியை நம்பி எழுதிய சட்டத்திற்கு இசைந்திரார். 51-க்கு 48 என்ற நெருக்கமான எண்ணிக்கையில், தயங்கிய ஒருவரின் வாக்கிற்குப் பெருமதிப்பு இருந்தது. அம்மதிப்பைக் கொண்டு அவர் பெற்றிருக்கத்தக்கவை உள: உதவியையே பெரிதும் நம்பியுள்ள சிறு நிலையங்களைச் சட்டத்தின் வாசகத்திலேயே காத்தல், பெருநகர நிலையங்களின் பங்கை மட்டும் குறைத்தல், குறைப்பைச் சில ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, நிலையங்கள் வேறு வழி தேட அவகாசம் தருதல். இவற்றுள் எதுவும் சிக்கனத்திற்கு மாறானதன்று. இவ்வாறு செய்திருந்தால் நாமும் அவரைப் போற்றியிருப்போம்.

ஆகஸ்டு முதல் நாளன்று கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் அதனைக் கலைத்துவிட அதன் ஆட்சிக்குழு தீர்மானித்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக வளர்ந்த ஒன்று ஆறு திங்களில் மறைந்தது. மீண்டும் நிறுவ ஒரு காங்கிரஸ் விரும்பினாலும், கலைந்த பணியாளரும் விற்ற கருவிகளும் ஒரு தீர்மானத்தால் திரும்பி வாரா.

இக்கல்லூரியில் பயில்வோருள் சிலர் நாளை நகரசபையிலோ சட்டசபையிலோ அமர்தல் கூடும். பலர் அலுவலகங்களில் வரவுசெலவுத் திட்டம் எழுதுதல் கூடும். எழுதுகோலால் ஒரு வரியை அடிக்குமுன், அவ்வரியின் மறுமுனையில் இருப்பவர் யாவர், அவர்க்கு அது நூற்றில் எத்தனை என்று கேட்டறிந்து, அந்த எண்ணையும் மிச்சத்தொகையின் அருகே எழுதுவார்களாக. பின்னரும் அடிக்கத் துணிந்தால், அதனை அம்மக்கள் முன்னிலையில் எடுத்துரைத்து அடிப்பார்களாக.